மாடசாமி இன்ஜினை அணைத்தார்

குற்றாலத்திலிருந்து திரும்பும் வழியில், மேலகரம் எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் ஒரு முறை இருமியது. இரண்டாவது இருமலில் என் மேலதிகாரி கண்ணைத் திறந்தார். மூன்றாவதில் வண்டி நின்றேவிட்டது.

ஆடி மாதம். சாரல் விழுகிறதா, காற்றே ஈரமாக இருக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு காலை. மேலதிகாரி ஐந்தருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் எண்ணெய் தேய்க்கிறவரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, அந்தச் சுகத்தில் முன்சீட்டில் சாய்ந்திருந்தார். தலையில் ஈரத் துண்டு. பின்னால் மெட்ராஸிலிருந்து வந்திருந்த அவருடைய மைத்துனர், மடியில் பிழிந்த வேட்டி மூட்டையோடு. அந்த மூட்டை சொட்டிய இடத்தில் நான்.

"என்னய்யா ஆச்சு?"

டிரைவர் மாடசாமி பானட் பக்கம் போகவே இல்லை. தன் சீட்டைத்தான் தூக்கினார். அந்தக் கால ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே இருக்கும். மூடியைத் திருகி, ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

"வறண்டு போய்க் கெடக்கு சார்."

"நேத்துதானே போட்டேன்னு சொன்னே?"

"நேத்துப் போட்டது நேத்தே ஓடிட்டு சார்."

அந்த நேரம் பார்த்துத் தென்காசிச் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. மேலதிகாரிக்குப் பசி. தென்காசி லாட்ஜில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கௌரவமா, இட்லியா என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. பலாப்பழங்களின் மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். முள் குத்தியிருக்க வேண்டும். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வை பத்து நாளில் மெமோவாக வந்து சேர்ந்தது.

இன்ஸ்பெக்ஷன் சீசன்

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தென்காசிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் டாக்டர். மாடுகளுக்கு வெக்கை நோய் வராமல் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதற்கென்று ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். காட்டுப் பாதை, வாய்க்கால் கரை, ஆற்று மணல் எல்லாவற்றிலும் போகிற வண்டி. மாதத்துக்கு இத்தனை காலன் பெட்ரோல் என்று அளவு உண்டு. அது தீர்ந்தால் அடுத்த மாதம் பிறக்கும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும்.

எங்கள் ஜீப் இருபதாம் தேதி வாக்கில் ஷெட்டுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று இதைத் தெரிந்துவைத்திருந்தது. இருபத்தொன்றாம் தேதியிலிருந்து பின்சீட்டில் முட்டையிடும்.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரிமேல் மேலிடத்துக்கு வரும் அக்கறையைச் சொல்லி முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் எட்டிப் பார்க்காதவர்கள் ஆனியில் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவார்கள். வரும்போதே துண்டு கொண்டுவருவார்கள். ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து, பேரருவியில் ஒரு குளியல். இரண்டாவது ரிஜிஸ்டருக்குப் பழைய குற்றாலம். ஆனால் சீசன் இல்லாத மாதத்திலும் எங்கள் பெட்ரோல் இருபதாம் தேதியே தீர்ந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பழி முழுவதையும் அருவிமேல் போட முடியாது.

மெமோ இங்கிலீஷில் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: மற்ற ஆஸ்பத்திரி ஜீப்புகள் இதே பெட்ரோலில் மாதம் முழுதும் ஓடுகின்றன. உங்கள் வண்டிக்குக் கொடுக்கும் பெட்ரோல் சாலையில்தான் செலவாகிறதா என்பது சந்தேகத்துக்குரியது. இரண்டு மாதத்துக்குள் விளக்கம் வராவிட்டால் டிரைவர்மேல் விசாரணை நடக்கும்.

திருட்டு என்ற சொல் அதில் இல்லை. அது இல்லாமலேயே நன்றாக எழுதியிருந்தார்கள்.

போருக்குப் போகும் வண்டி

மாடசாமிக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மீசையையும் காக்கியையும் தவிர அங்கிருந்து வேறு சிலவற்றையும் கொண்டுவந்திருந்தார்.

காலையில் வண்டியை எடுக்குமுன் கால் மணி நேரம் இன்ஜினை உறுமவிடுவார். தெருவில் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும். காலைக் குளிரில் இன்ஜின் எழும்பக் கூடுதல் பெட்ரோல் விடுகிற சோக்கை இழுத்தால் உள்ளே தள்ள மறந்துவிடுவார். நல்ல தார் ரோட்டிலும் முன் சக்கரத்துக்கான கியரைப் போட்டே வைத்திருப்பார். நாலு சக்கரமும் இழுக்கும். எதிரே மாட்டு வண்டி தெரிந்தால் அதன் கொம்பு வரைக்கும் பாய்ந்து போய்ப் பிரேக்கை மிதிப்பார். மறுபடி பாய்ச்சல். மறுபடி பிரேக். மணலில் புதையாதிருக்க டயரில் எப்போதும் காற்றைக் குறைத்தே வைத்திருப்பார், மணல் ஐந்து மைலுக்கு அப்பால் இருந்தாலும்.

பின்னால் இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, இரும்புச் சங்கிலி, தண்ணீர் டின்கள், போதாததற்கு இரண்டு மணல் மூட்டை. "எதுக்கு?" என்று கேட்டால், "இருக்கட்டும் சார்" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இன்ஜினை அணைக்கவே மாட்டார். நான் இறங்கி முப்பது மாட்டுக்கு ஊசி போட்டு முடிக்கும்வரை வண்டி நின்ற இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஷெட்டில் விட்ட பிறகுதான், அதுவும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சாவியைத் திருப்புவார்.

இதெல்லாம் எனக்கு அன்றே தெரிந்திருந்தது என்று எழுத ஆசைதான். தெரியவில்லை. எனக்கு அப்போது வண்டி ஓட்டவே வராது. மாட்டுக்கு எத்தனை வயிறு என்று தெரியும். ஜீப்பின் வயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே மெமோ என்ன நினைத்ததோ அதையே நானும் நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, பேனாக்கத்தியால் கோடு போட்டுக்கொண்டேன். சாயங்காலம் மாடசாமி வீட்டுக்குப் போனதும் டேங்கில் விட்டு அளப்பேன். காலையில் அவர் வருமுன் மறுபடி அளப்பேன். பதினைந்து நாள் அளந்தேன். ஒரு சொட்டுக் குறையவில்லை. பெட்ரோல் ரோட்டில்தான் போகிறது. ரோட்டில் எங்கே போகிறது என்பதுதான் புரியவில்லை.

கோமதியின் பிரயாணம்

ஆவணியில் என் மனைவி கோமதிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போக வேண்டும். தாய் வீடு வாசுதேவநல்லூர். அந்த வாரம் பார்த்து வாசுதேவநல்லூர் மாடுகளுக்கு ஊசி போட வேண்டும் என்று எனக்கு அவசரமாகத் தோன்றியது. பணியிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலமாகிவிட்டதால் இந்தத் தற்செயலை இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

கோமதியின் அம்மா முதலிலேயே கடிதம் போட்டிருந்தாள்: "ஜீப்பில் வர வேண்டாம். பஸ்ஸில் வா." மாடசாமி வண்டி ஓட்டும் புகழ் அதுவரை போயிருந்தது. கோமதி கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணாச்சி, என்னைய மட்டும் கொண்டு போனாப் போதாது. ரெண்டு பேரையும் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்கணும்."

மாடசாமி இறங்கினார். பின்னால் போய், கடப்பாரையையும் சங்கிலியையும் மணல் மூட்டைகளையும் இறக்கி ஷெட்டில் போட்டார். "தாயி காலு நீட்டணும்லா." பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று அடித்தார். "குலுங்கக் கூடாதுலா." முன் சக்கரக் கியரை எடுத்துவிட்டார். "அது போட்டா உதறும்."

அன்று ஓட்டியதுபோல் அவர் ஓட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூரத்தில் மாட்டு வண்டி தெரியும்போதே காலை எடுத்துவிடுவார். ஜீப் தானாக வேகம் குறைந்து, வண்டி ஒதுங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கடையநல்லூர் தாண்டுமுன் நான் தூங்கிவிட்டேன்.

புளியங்குடியில் ஒரு மர நிழலில் நிறுத்தினோம். எலுமிச்சம்பழ மூட்டைகள் அடுக்கிய இடம், காற்றே புளித்தது. கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணாச்சி, இந்த இன்ஜின் சத்தத்துல பிள்ளை உள்ள கெடந்து உதைக்கி. கொஞ்சம் அணைக்கீயளா?"

மாடசாமி சாவியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மேலே வானத்தைக்கூடப் பார்த்தார். பிறகு அணைத்தார்.

எனக்கு அந்த அமைதி விசித்திரமாக இருந்தது. கோமதி ஆற அமர இளநீர் குடித்தாள். மாடசாமி மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கிளம்பும்போது காலால் ஸ்டார்ட்டரை மிதித்தார். முதல் மிதியிலேயே இன்ஜின் எழுந்தது. அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது.

குச்சி

கோமதியை விட்டுவிட்டு, மறுநாள் ஊசி வேலையும் முடித்துத் திரும்பினோம். அதே ரோடு, அதே வண்டி, ஒரு ஆள் குறைச்சல். ஆனால் மாடசாமி பழைய மாடசாமி. முன் கியர் விழுந்தது. பாய்ச்சல், பிரேக். என் தலை மூன்று தடவை மேல்கம்பியில் இடித்தது.

கடையநல்லூருக்கு இந்தப் பக்கம் வெற்றிலை வாங்க நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டேன். ஓடுகிற இன்ஜினோடு டேங்கைத் திறப்பது எத்தனை ஆபத்து என்று அப்போது தெரியாது. போய்ச் சேர்ந்தபோதும் திரும்பக் கிளம்பும்போதும் மாடசாமி அறியாமல் அளந்திருந்தேன். தென்காசியிலிருந்து வாசுதேவநல்லூர் வரை போனதற்குக் குச்சியில் ஒன்றரைக் கோடுதான் இறங்கியிருந்தது. திரும்பும் வழியில் பாதிதான் தாண்டியிருந்தோம். அதற்குள் இரண்டு கோடு போய்விட்டது.

சந்தோஷத்தில் கத்தினேன். "அண்ணாச்சி! இங்கன வாங்க! பெட்ரோல் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்!"

அவர் வந்து பார்த்தது பெட்ரோலை அல்ல, குச்சியை.

"இதுல என்ன சார் இத்தன கோடு?"

என் சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது.

"எத்தன நாளா அளக்கீய?"

"மெமோ வந்ததுல இருந்து."

"நான் திருடுதேன்னு நெனச்சியளோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நெனச்சேன். தப்புன்னு இந்தக் குச்சிதான் சொல்லிச்சு. ஒரு சொட்டு வெளிய போகலை. நீங்க ஓட்டுற ஓட்டத்துலதான் போகுது. கோமதி இருக்கையில பாதிகூடச் செலவாகலையே."

அவர் வெற்றிலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பனைமரத்தடியில் போய் முதுகைக் காட்டி நின்றார். அவ்வளவு கோபத்திலும் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, என்னைய ஏசணும்னா ஏசுங்க. முதல்ல அதை அணைச்சிட்டு ஏசுங்க."

"அணைக்க மாட்டேன்."

"புளியங்குடியில அணைச்சீங்களே?"

"அது பிள்ளைக்காக."

பிறகு அவராகவே பேசினார். என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்து.

"சண்டையில, அசாம் பக்கம் மலை ரோட்டுல, அம்பது லாரி வரிசையா நிக்கி. யாரும் இன்ஜின நிப்பாட்டக் கூடாதுன்னு ஆர்டர். எனக்கு முன்னால நின்ன லாரியில நம்ம சிவகிரிக்காரன் ஒருத்தன். பாட்டெல்லாம் படிப்பான். 'எதுக்குலே சும்மா எண்ணெயக் குடிக்க விடணும்'னு நிப்பாட்டிட்டுப் பீடி பத்த வச்சான். அப்பம் பாத்துப் பிளேன் வந்துட்டு. எல்லாரும் எடுத்து ஒதுக்கிட்டோம். அவன் வண்டி எழும்பலை சார். மிதிக்கான், மிதிக்கான், எழும்பவே இல்லை."

நான் திறந்து கிடந்த டேங்க் மூடியைத் திருகினேன்.

"நிப்பாட்டினா எழும்பாதுன்னு இன்னும் உள்ளுக்குள்ள ஒரு இது. கிறுக்குத்தனம்னு எனக்கும் தெரியும்."

"கிறுக்கு இல்ல அண்ணாச்சி."

"பெறகு என்ன? இந்தச் சர்க்கார் பெட்ரோல வித்து நான் மாடியா கட்டப் போறேன்?" அவர் குரல் உடைந்தது. உடனே அதை மறைக்க, "ஏறுங்க சார், நேரமாகுது" என்று அதட்டினார். அதன் பிறகு தென்காசி வரை அவர் ஓட்டியது பாய்ச்சலும் இல்லை, நிதானமும் இல்லை. யோசிக்கிற ஓட்டம்.

ரயில்வே கேட்டில்

மறுநாள் காலை கடப்பாரையும் மணல் மூட்டைகளும் ஷெட்டிலேயே கிடந்தன.  வண்டி எடுத்த கொஞ்ச நேரத்தில் சோக் உள்ளே போனது. காலை உறுமல் இல்லாததால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் தாமதமாகப் போனதாகக் கேள்வி.

செங்கோட்டை ரோட்டில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே கேட் அடைத்தால் ரயில் எப்போது வரும் என்று ரயிலுக்கே தெரியாது. மாடசாமி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டென்று சாவியைத் திருப்பினார். வண்டி அடங்கியது.

அவர் கை சாவியை விட்டு நகரவில்லை. பார்க்காததுபோல் நான் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ரயில் வந்தது, போனது, கேட் திறந்தது. பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார். மாடசாமி மிதித்தார். எழுந்தது.

"எழும்பிட்டு சார்," என்றார்.

"எழும்பிட்டு அண்ணாச்சி," என்றேன்.

அடிக்கடி கேட் அடைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு வாரத்தில் கை தானாகச் சாவியை விட்டது. பிறகு ஊசி போடும் இடங்களிலும் அணைக்க ஆரம்பித்தார். கோமதி ஊரிலிருந்து எழுதினாள்: "அண்ணாச்சி இப்போ எப்படி ஓட்டுறாங்க? நான் ஜீப்பில் இருப்பதாகவே நினைத்து ஓட்டச் சொல்லுங்கள்." வாசித்துக் காட்டினேன். "தாயி வெயிட்டுக்கு இன்னும் ரெண்டு காலன் கூடத்தான் வேணும்," என்றார். இதை நான் பதிலில் எழுதவில்லை.

வண்டிமாட்டை அடித்து ஓட்டுகிறவனைப் பார்த்து, "மாடு முன்னால போகாதுய்யா, மேலோகந்தான் போயிரும்" என்று நான் திட்டுவதுண்டு. அதை ஜீப்புக்கும் சொல்லலாம் என்று எனக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. கோழி இருபத்தொன்றாம் தேதி வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது.

வடகரைக்கு அப்பால்

புரட்டாசி. பிசான நெல்லுக்கு உழ ஆரம்பிக்கிற நேரம். இங்கிலீஷ் மாதத்துக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. காலை ஏழு மணிக்கு ஒரு சைக்கிள் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்தது. ஆமாம், விழுந்தது, நிறுத்தக்கூடப் பொறுமையில்லை. வந்தவர் வடகரைக்கு அப்பால் மலையடியில் பயிர் வைத்திருந்த பீர்முகம்மது ராவுத்தர்.

"டாக்டரய்யா, எட்டு உருப்படியும் படுத்துட்டு. கண்ணுல தண்ணி, வாயெல்லாம் புண்ணு. கழிஞ்சு கழிஞ்சு நிக்க மாட்டேங்கு. பக்கத்து வீட்டுக்காரன் மாடு நேத்தே போச்சு."

வெக்கை. அது ஒரு தொழுவத்தில் புகுந்தால் ஊரையே காலி பண்ணும். அதற்கு மருந்து கிடையாது. படுத்ததைக் காப்பாற்றுவது கடவுள் விட்ட வழி. படுக்காததற்கு உடனே ஊசி போட வேண்டும். ஊசி மருந்து ஐஸ் பெட்டியிலேயே இருக்க வேண்டும். கலக்கிவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் கொண்டுபோனால் வழியிலேயே அது வெறும் தண்ணீராகிவிடும்.

நான் மாடசாமியைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே சீட்டைத் தூக்கியிருந்தார். என் வேப்பங்குச்சியை அவரே விட்டு எடுத்தார்.

"ரெண்டு நாளைக்கு வரும் சார். ஓட்டுற விதத்துல ஓட்டினா."

தென்காசியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வடகரை தாண்டியதும் ஆறு. தண்ணீர் முழங்கால் அளவு, அகலமான மணல். முன்பெல்லாம் மாடசாமி அந்த மணலில் பாய்ந்து இறங்கி, சக்கரத்தைச் சுழலவிட்டுப் புதைத்து, மண்வெட்டியால் தோண்டி எடுப்பார். அன்று கரையில் நிறுத்தி இறங்கினார். வேட்டியைப் போல் பேண்டைச் சுருட்டிக்கொண்டு அக்கரை வரை நடந்து போய், கால் எங்கே புதைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். அங்கேதான் முன் சக்கரக் கியரைப் போட்டார். ஒரே சீராக, நடக்கிற வேகத்தில், ஒரு இடத்திலும் மிதிக்காமல், ஒரு இடத்திலும் நிற்காமல் கடந்தது ஜீப். அக்கரை ஏறியதும் கியரை எடுத்துவிட்டார்.

அங்கே வழிநெடுக ஜனங்கள் ஏறப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறியே விட்டார். மாடசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க ஏறினா நாளைக்கு மருந்து நடந்துதான் வரணும். பாத்துக்கிடுங்க." அவர் இறங்கினார். குட்டியும் இறங்கியது.

இரண்டு நாளில் மூன்று ஊர். நான் ஊசி போட, மாடசாமி இன்ஜினை அணைத்துவிட்டு மாட்டைப் பிடிக்க வந்துவிடுவார். அதற்கு முன் அவர் ஒரு மாட்டையும் தொட்டதில்லை. முதல் மாடு அவரை உதைத்தது. "இதுக்கு ஸ்டீயரிங் எங்கன சார் இருக்கு?" என்றார்.

ராவுத்தரின் எட்டில் ஐந்து போய்விட்டன. கடைசி உழவு மாடு சாகும்போது அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நீங்க வந்தீயளே, அது போதும்" என்றார். வந்திருக்க முடியாமல் போயிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். போன மாதமென்றால் கோழிதான் ஜீப்பில் இருந்திருக்கும். ஆனால் நோய் அவர் தொழுவத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை. பிந்திப் படுத்த இரண்டு கன்றுகளைத் தவிர ஊர் மாடுகள் எல்லாம் ஐப்பசியில் உழப் போயின.

இன்னொரு தடவை

நான் விளக்கம் எழுதினேன். நாலு பக்கம். சோக், காற்று, கியர், பிரேக், பாரம், அணைக்காத இன்ஜின் எல்லாவற்றையும் எழுதி, தவறு டிரைவருடைய நேர்மையில் இல்லை என்றும், கவனிக்காமல் இருந்தது நானென்றும் முடித்தேன். அருவியைப் பற்றியும் ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

கார்த்திகையில் பதில் வந்தது. மாடசாமியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, இங்கிலீஷைத் தமிழாக்கி வாசித்தேன்.

"விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. விசாரணை கைவிடப்படுகிறது. டிரைவர் மாடசாமியின் நேர்மையும் சிக்கனமாக வண்டி ஓட்டும் திறமையும் பாராட்டப்படுகின்றன." கொஞ்சம் நிறுத்தி அடுத்ததையும் வாசித்தேன். "குறைந்த பெட்ரோலிலேயே வண்டி மாதம் முழுதும் ஓடுவது தெரியவருவதால், அடுத்த மாதம் முதல் மேற்படி வண்டியின் பெட்ரோல் அளவு குறைக்கப்படுகிறது."

எனக்கு ரத்தம் கொதித்தது. காகிதத்தை மேஜைமேல் அடித்தேன். "பாத்தீயளா அண்ணாச்சி? மிச்சம் பிடிச்சதுக்குத் தண்டனை! இதுக்கு நாம பழையபடியே ஓட்டியிருக்கலாம்!"

மாடசாமிக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், மொதல்ல வாசிச்சத இன்னொரு தடவ வாசிங்க."

"எது? விசாரணையா?"

"அது இல்ல. எம்பேரு வருதுல்லா, அது."

வாசித்தேன். நேர்மை என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிதானமாகவே வாசித்தேன்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "கொறச்சாக் கொறச்சிட்டுப் போறாங்க சார்," என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கப் போனார்.